பாட்டி புடைச்சது அரிசி மட்டும்தானா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘அன்றாட அழுத்தங்களிலும் வாழ்க்கை மாற்றங்களிலும் மனத்தைக் காப்பது உற்றாரின் அன்பா, முறையான பழக்கமா?’ இது ‘முறையான பழக்கமே’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மழை வர்ற மாதிரி இருந்தும் நாற்காலியை விடாம உக்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வணக்கத்தை இதோட முடிச்சுக்கறேன். நடுவர் குடுத்தது பன்னிரண்டு நிமிஷம். எதிரணி அம்மாவுக்குப் பதில் சொல்லவே பத்து போயிடும்.

அந்த அம்மா என்ன சொன்னாங்க? “எங்க பாட்டிக்கும் கவலை வந்துச்சு. கவுன்சிலிங்குக்கா போனாங்க? முறத்தை எடுத்தாங்க, ரெண்டு படி அரிசியப் புடைச்சாங்க, கவலை உமியோட பறந்துடுச்சு. இப்ப உள்ளவங்க மணிக்கு ஆயிரத்தைந்நூறு குடுத்து ஏ.சி. ரூம்ல உக்கார்ந்து அழுவுறாங்க!”

நீங்க தட்டுனீங்க. நானும் தட்டுனேன். தட்டி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. இந்த அம்மா எந்த அணிங்க? உற்றாரின் அன்புதான் காப்பாத்தும்னு பேச வந்தவங்க. பாட்டி கதையில உற்றார் எங்க? தாத்தா வந்து “ஏம்மா, கண்ணு கலங்கியிருக்கு”ன்னு கேட்டாரா? அவரு திண்ணையில வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு. முறம்தான் கேட்டுச்சு! எங்களுக்குச் சாட்சி சொல்லிட்டுப் போய் எதிர்ப்பக்கம் உக்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு எங்க அணி சார்பா ஒரு சோடா குடுங்க.

அந்த முறத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. காலை நீட்டி உக்காரணும். முறம் நிறையக் கொட்டினா வேலைக்கு ஆகாது, அளவாத்தான் போடணும். புடைக்கிறது வேற, கொழிக்கிறது வேற, நாவுறது வேற, செஞ்சவங்களுக்குத் தெரியும். கை ஒரு தாளத்துல போகும். மூச்சு கையோட சேர்ந்து நிதானமாகும். கண்ணு கல்லைத் தேடும். கல்லைத் தேடுற கண்ணுக்கு, நேத்து நாத்தனார் சொன்ன சொல்லைத் தேட நேரம் இல்லை. அரை மணியில முன்னால வெள்ளையா ஒரு குவியல். “இன்னிக்கு நான் ஒண்ணு முடிச்சேன்”னு கண்ணுக்குத் தெரியிற சாட்சி அது. பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு முறத்தோட வந்து உக்கார்ந்துட்டா, பேச்சும் ஆச்சு.

இதைத்தான் இன்னிக்கு மனநல மருத்துவத்துல ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’னு சொல்லிக் குடுக்குறாங்க. மனசு நல்லானப்புறம் செய்யலாம்னு காத்திருக்காதே. சின்னதா ஒண்ணைச் செய், மனசு பின்னாடியே வரும். பாட்டி அதைப் பேர் தெரியாம செஞ்சாங்க, பீஸ் கட்டாம செஞ்சாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பாட்டிக்கு எல்லாமே உமியோட போயிடுச்சா? ஆடி மாசம் கூழ் ஊத்துற அன்னிக்கு உடுக்கைச் சத்தம் கேட்டா பாட்டிக்குச் சாமி வந்துரும். வந்த சாமி முதல்ல யாரைக் கூப்பிடும்? மாமியாரை! “அடியே, வாடி இங்க!” வருஷம் முழுக்க “சரிங்கத்தை, ஆகட்டுங்கத்தை”ன்னு சொன்ன அதே வாய். தாத்தா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, “ஆத்தா, என்ன குறைன்னு சொல்லு தாயி”ம்பாரு. 364 நாள் கேக்காத கேள்வி! நான் நம்பிக்கையைக் கேலி பண்ணலை. என்ன குறைன்னு ஒருத்தர் கேக்குறதுக்கு அந்த மனுஷி அடுத்த ஆடி வரைக்கும் காத்திருந்தா. அதைத்தான் சொல்றேன்.

இப்ப அரிசி கல் நீக்கி, பாலிஷ் போட்டு 26 கிலோ பையில வருது. முறம் பரண்ல. முறம் இருந்த கையில போன். கட்டைவிரலும் புடைச்சுக்கிட்டேதான் இருக்கு, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஒரு குவியல் சேருதா? கல்லு மட்டும்தான் சேருது.

அன்பு மட்டும் இருந்து பழக்கம் போயிட்டா என்ன ஆகும்? ரிட்டயர் ஆன ஒரு அரசு ஆபீஸ் சூப்பிரண்டு கதை சொல்றேன். கற்பனைதான். ஆனா மூணாவது வரிசையில ஒரு அம்மா இப்பவே வீட்டுக்காரரைப் பாத்து முழங்கையால இடிக்கிறாங்க.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓய்வு வயசு 58 ஆ இருந்துச்சு. 2020ல 59 ஆச்சு, 2021ல 60 ஆச்சு. ஆக, வீட்டம்மாவுக்கு ரெண்டு வருஷம் கூடுதல் நிம்மதி. கடைசி நாள் வந்துச்சு. சந்தன மாலை, சால்வை, எல்லாரும் காசு போட்டு வாங்கின பரிசு. என்ன பரிசு? சுவர்க் கடிகாரம்! முப்பத்தஞ்சு வருஷம் மணி பாத்து ஓடின மனுஷனுக்கு, இனிமே மணி பாக்கவே வேண்டாம்ங்கிற அன்னிக்குக் கடிகாரம் குடுக்குறோம்.

மறுநாள் காலையில பத்து மணி. பேண்ட் சட்டை, பையில பேனா. எங்க போவாரு? சமையலறை வாசல்ல நாற்காலி போட்டாரு. “தாளிக்கக் கடுகு எத்தனை கிராம் போடுற?”

“கைக்கு வந்ததைப் போடுவேன்.”

“கைக்கு வந்ததுன்னா ஆடிட்ல நிக்குமா?”

ரெண்டாம் நாள், டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டுறாரு. து.பருப்பு, க.பருப்பு, உ.பருப்பு. அந்தம்மா சொல்றாங்க: “முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டே எடுத்த டப்பாவை, இனி கண்ணாடி போட்டுப் படிச்சு எடுக்கணுமா?” மூணாம் நாள் பால்காரர் அஞ்சு நிமிஷம் லேட். “காலதாமதத்துக்கான காரணத்தை எழுத்து மூலமா” கேக்குறாரு. பால்காரர் மறுநாள்லேர்ந்து பாக்கெட்டைச் சுவத்துக்கு வெளியிலேர்ந்தே எறிஞ்சுட்டுப் போயிடுறாரு. நாலாம் நாள் அந்தம்மா கைகூப்பி நிக்கிறாங்க: “என்னை எங்கயாவது டிரான்ஸ்பர் பண்ணிடுங்க.” அவரு நிமிர்ந்தே பாக்கலை: “காலிப்பணியிடம் இல்லை.”

சிரிச்சாச்சு இல்ல? இப்ப அன்பு உள்ள வருது. மகன் சொல்றான், “அப்பா, உழைச்சது போதும். மளிகையை நான் ஆன்லைன்ல போட்டுடறேன்.” மகள், “கரண்ட் பில்லுக்கு வரிசையில நிக்காதீங்கப்பா, போன்லயே கட்டிடுறேன்.” மருமக, “மாமா, வெயில்ல அலையாதீங்க, பேரனுக்கு வேன் சொல்லியாச்சு.” வீட்டம்மா, “உக்காருங்க, காபி உங்க இடத்துக்கே வரும்.” ஒருத்தர் வாயிலயும் ஒரு துளி விஷம் இல்லை. அத்தனையும் அன்பு. அந்த அன்பாலேயே ஒரு மனுஷன் கையில மிச்சம் இருந்த அத்தனை வேலையையும் பிடுங்கிட்டாங்க.

ரெண்டு மாசம் ஆச்சு. சவரம் நாலு நாளைக்கு ஒருக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா அஞ்சு மணி. அதனால ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. அந்தச் சுவர்க் கடிகாரம் டிக், டிக். கடுகு பத்திக் கேள்வியே இல்லை. அந்தம்மா அக்கம்பக்கத்துல சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க: “மனுஷன் அடங்கிட்டாரு.” அங்கதான் நாம கோட்டை விடுறோம். உள்ள விளக்கு அணைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

சோகத்துக்கும் நோய்க்கும் கோடு எங்கங்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு. ரெண்டு வாரம். ரெண்டு வாரமா அனேகமா தினமும் மனசு இருண்டு கிடக்கு, இல்லைன்னா பிடிச்ச எதுலயும் நாட்டம் இல்லை; அதோட தூக்கம், பசி, களைப்பு, கவனம் இதெல்லாமும் கெடுது, ‘நான் பாரம்’னு தோணுதுன்னா, டாக்டரைப் பாக்கணும். பிரசவம் ஆன பொண்ணுக்கும் இதே கணக்குதான்: முதல் சில நாள் சும்மாவே அழுகை வரும், பெரும்பாலும் தானா அடங்கும், ரெண்டு வாரத்தைத் தாண்டினா, “பச்சை உடம்பு, அப்படித்தான்”னு விடக் கூடாது. வயசானவங்க “மனசு சரியில்லை”ன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. வயிறு சரியில்லை, கை கால் குடைச்சல்னு வரும். டாக்டர் முதல்ல தைராய்டு, பி12, ரத்த அளவு, சர்க்கரை பாப்பாரு. தைராய்டு குறைஞ்சாலே அச்சு அசலா மனச்சோர்வு மாதிரி இருக்கும்.

அப்புறம் பழக்கம். முதல் ஆணி, எழுந்திரிக்கிற நேரம். படுக்கிற நேரத்தைப் பிடிச்சு இழுக்க முடியாது, எழுந்திரிக்கிற நேரம் நம்ம கையில. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில அஞ்சரைன்னா அஞ்சரை. எழுந்ததும் வெளிச்சத்துக்கு வரணும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல போனா, ராத்திரி தூக்கத்திலேர்ந்து கடன் வாங்குறோம்னு அர்த்தம். குடிச்ச காபியில பாதி வீரியம் அஞ்சாறு மணி நேரம் கழிச்சும் உடம்புல நிக்கும், அதனால ரெண்டு மணிக்கு மேல காபி வேண்டாம். கும்பகோணம் டிகிரி காபியா இருந்தாலும் வேண்டாம். இதுல எனக்கும் வருத்தம்தான். படுத்து இருபது நிமிஷமா புரண்டா எழுந்து மங்கின வெளிச்சத்துல உக்காரணும், தூக்கம் வந்தப்புறம் திரும்பப் படுக்கணும். கடிகாரத்தைக் கழட்டிக் கூடத்துல மாட்டுங்க.

ரெண்டாவது, ஒரு நாப்பது பக்க நோட்டு. முதல் வாரம் எதையும் மாத்த வேண்டாம். எந்த நேரத்துல என்ன செஞ்சேன், அப்ப மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு எழுதினா போதும். சூப்பிரண்டுக்கு நோட்டு போடச் சொல்லித் தரணுமா? ரெண்டாவது வாரம் நாளைக்கு ரெண்டு வேலை: பிரயோஜனமான ஒண்ணு, பிடிச்ச ஒண்ணு. இங்கதான் நிறையப் பேர் சறுக்குறது. உற்சாகத்துல முதல் நாளே எட்டு கிலோமீட்டர் நடப்பாங்க, ரெண்டாம் நாள் முழங்கால் வீங்கும், மூணாம் நாள் “எனக்கு இதெல்லாம் ஒத்து வராது.” முடியும்னு தோணுறதுல பாதியை எடுக்கணும். தெருமுனை வரைக்கும் பத்து நிமிஷம். அதையும் “மனசு இருந்தா போவேன்”னு எழுதக் கூடாது, “ஆறேகாலுக்குப் போவேன்”னு எழுதணும்.

மூணாவது, கவலைக்கு ஒரு ஆபீஸ் நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினஞ்சு நிமிஷம், படுக்கையறையில வேண்டாம். எல்லாத்தையும் எழுதிட்டுக் கொழிக்கணும், பாட்டி கொழிச்ச மாதிரியே. நம்மால செய்ய முடிஞ்சது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம். முடிஞ்சதுக்கு நாளைக்கு முதல் அடி என்னன்னு ஒரு வரி. ராத்திரி மூணு மணிக்குக் கவலை வந்து கதவைத் தட்டினா, “நாளைக்கு ஆறு மணிக்கு வா, மனு வாங்கிக்கிறேன்.”

டாக்டர் மாத்திரை எழுதினா? மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும். குமட்டல் மட்டும் முதல் வாரமே வந்துரும். அதான் அஞ்சாம் நாளே நிறுத்திட்டு “ஒண்ணும் கேக்கலை”ங்கிறாங்க. நல்லானப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும். நிறுத்துறதையும் டாக்டர்தான் படிப்படியா குறைச்சு நிறுத்தணும். இந்த மாத்திரை அடிமையாக்காது. அடிமையாக்குறது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கிப் போடுற தூக்க மாத்திரை.

ஆயிரத்தைந்நூறு கேட்டீங்களே அம்மா? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, ஓ.பி. சீட்டு போட்டா போதும். அதுவும் முடியலையா, அரசோட மனநல உதவி போன் நம்பர் 14416. ராத்திரி மூணு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. 2022ல, உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்னிக்கு ஆரம்பிச்ச சேவை. ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நடுவர் மணியைத் தொடுறாரு. ரெண்டு நிமிஷம் ஐயா, சூப்பிரண்டை நடுவழியில விட்டுட்டு வந்திருக்கேன்.

ஒரு ராத்திரி அந்தம்மா அவர் பக்கத்துல போய் உக்கார்ந்து, யாரும் கேக்கப் பயப்படுற கேள்வியைக் கேட்டாங்க: “ஏங்க, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?” கேட்டா அந்த எண்ணம் வந்துருமோன்னு பயப்படாதீங்க, வராது, பாரம்தான் கொஞ்சம் இறங்கும். அவரு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “அந்தக் கடிகாரச் சத்தம் கேக்குறப்ப மட்டும் தோணுது”ன்னாரு. அந்தம்மா புத்திமதி சொல்லலை. “உங்களுக்கு என்ன குறை”ன்னு கேக்கலை. கையைப் பிடிச்சுக்கிட்டே 14416க்குப் போட்டு, பேசுங்கன்னு அவர் கையில குடுத்தாங்க. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

மாத்திரை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். மகன் ஆன்லைனை நிறுத்தினான். பேரனோட வேனும் நின்னுச்சு. அந்தம்மா பரண்லேர்ந்து முறத்தை இறக்கி, அவர் முன்னால உளுந்தைக் கொட்டினாங்க: “கல்லு இருக்கான்னு பாருங்க.” அறுபது வயசுல முதல் தடவையா முறம் பிடிக்கிறாரு. பாதி உளுந்து கட்டிலுக்கு அடியில. பேரன் தவழ்ந்து பொறுக்குறான்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு காலையில, சமையலறை. கரண்டியில எண்ணெய் காஞ்சு கடுகு வெடிக்குது. பின்னாடி வாசப்படியில ஒரு குரல்.

“எத்தனை கிராம் போட்ட?”

அந்தம்மாவால திரும்ப முடியலை. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. கடுகு கருகுது, வத்தல் கருகுது, வீடு பூரா புகை. இது அன்புன்னு எதிரணி எழுதிக்கிறாங்க. எழுதிக்கட்டும் ஐயா, இந்த ஒரு மார்க்கை அவங்களுக்கே குடுத்துடுங்க. அன்னிக்கு அந்த வீட்ல, தாளிப்பு கருகின சாம்பாரை அத்தனை பேரும் ரெண்டு தரம் ஊத்திக்கிட்டாங்க.

மணி அடிச்சிட்டீங்க. வணக்கம்.