மதகுச் சாவி யார் கையில்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரச் சொன்னதற்குக் கோபப்படாமல் வந்திருக்கும் தஞ்சாவூர்ப் பெரியோர்களே, வணக்கம்.

கணவனும் மனைவியும் மனமொத்து, மனைவி இன்னொருவரோடு உறவு கொள்ள இடம் கொடுத்தால் அது தாம்பத்தியத்தைத் தாங்குமா, தகர்க்குமா? இதுதான் தலைப்பு. தகர்க்கும் என்ற அணி மூன்று கல் எறிந்தது: இது நோய், இது அயல்நாட்டுச் சரக்கு, இது பெண்ணைப் பண்டமாக்குவது. நான் 'தாங்கும்' அணி. எல்லாருக்கும் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தானே எங்கே தாங்கும் என்று சொல்ல முடியும்?

ஆங்கிலத்தில் இதற்குக் கக்கோல்டிங் என்று பெயர். அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் கக்கூவிலிருந்து வந்த சொல். நம்மூர்க் குயில் காக்கைக் கூட்டில் செய்வதும் அதேதான். ஆனால் அது காக்கைக்குத் தெரியாமல் நடப்பது. நாம் பேசுவதில் காக்கையே வாசலில் நின்று கூப்பிடுகிறது, ஐயா!

நோய் என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, வழக்கத்துக்கு மாறான விருப்பம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துவிட்டது. மனத்துயரம் தந்தால், வாழ்க்கையைக் குலைத்தால், சம்மதம் இல்லாதவரைத் தொட்டால்தான் கோளாறு. பொறாமை எப்படி ஆசையாகும் என்கிறீர்களா? 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். கீழே 230 அடிப் பள்ளம். அந்தப் பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்களில்தான், பயமில்லாத பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகம் பேர் பிறகு அவளுக்குப் போன் செய்தார்கள். பயத்தில் அடித்த நெஞ்சை மனம் ஆசை என்று எழுதிக்கொண்டது. பொறாமையிலும் அதே நெஞ்சுதான் அடிக்கிறது. நாளெல்லாம் நாலு பேருக்கு உத்தரவு போடுகிறவன் வீட்டில் ஏன் தோற்க ஆசைப்படுகிறான்? 'நான்' என்ற சுமையை இறக்கி வைக்க, என்று 1988-இல் உளவியலாளர் பௌமைஸ்டர் விளக்கினார்.

அயல்நாட்டுச் சரக்கா? நாம் நிற்கும் மண் மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்று சொல்லும் குறள், கடைசி அதிகாரமான ஊடலுவகையில் இருக்கிறது. தோற்று ஜெயிக்கிற விளையாட்டு நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். மருதப் பாட்டில் பரத்தையிடம் போகிறவன் எப்போதும் ஆண். மனைவிக்கு இருந்தது கதவு ஒன்றுதான்: திரும்பி வருகிறவனை உள்ளே விடாத வாயில் மறுத்தல். அந்தக் கதவைச் சாத்தும் உரிமைதான் என் வாதத்தின் ஆணிவேர்.

பண்டமாக்கியது யார்? 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டம், பிரிவு 497. கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவன் மனைவியோடு உறவு கொண்டால் குற்றம். அவன் சரி என்றால் குற்றமே இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை! 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தூக்கி எறிந்தது. எதிரணி சொல்லும் பண்டம் அந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தது.

இனி மதகுக்கு வருகிறேன். டெல்டாக்காரருக்கு முறைப்பாசனத்தை விளக்க வேண்டியதில்லை. இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் எனக்கு. மதகைக் கவனிக்கும் ஊழியர் லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கினால் தண்ணீர் நிற்கும். இறக்க முடியாத ஷட்டருக்குப் பெயர் மதகா? உடைப்பு! இந்த உறவிலும் அப்படித்தான்: அதிகாரத்தைக் கொடுத்தவர் எந்த நிமிடமும் திரும்ப வாங்க முடிந்தால்தான் அது பரிமாற்றம்.

பெரும்பாலும் உடைவது முதல் பேச்சில். ஆசை கணவனுடையது. ஆறு மாதம் நச்சரிக்கிறான். ஒரு ராத்திரி அவள், "சரி, உங்க இஷ்டம்" என்கிறாள். நடுவர் அவர்களே, அது சம்மதமல்ல, சலிப்பு. அதனால் பேச்சைப் படுக்கையில் வைக்கக் கூடாது. பகலில், காப்பி டம்ளரோடு. இருவரும் தனித்தனித் தாளில் வேண்டும், வேண்டாம், யோசிக்கணும் என்று மூன்று பத்தி போட்டு எழுத வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். பிறகு ஒப்பிட்டால், 'வேண்டாம்' ஒருவர் தாளில் இருந்தாலே அந்த வரி போச்சு. பல ஜோடிக்குக் கற்பனையாகப் பேசிக்கொள்வதிலேயே பசி தீர்ந்துவிடும். அங்கேயே நின்றாலும் வெற்றிதான்.

நிறுத்தச் சொல்லும் வார்த்தை முன்பே முடிவாக வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு போதும். மூன்றாமவருக்கும் அது தெரிய வேண்டும், அவரும் மனுஷர்தானே. மது கூடாது. போன் வேறு அறையில். ரத்தப் பரிசோதனையில் ஒரு கணக்கு இருக்கிறது. எச்.ஐ.வி. ஆன்டிபாடி பரிசோதனையில் தெரிய 23 முதல் 90 நாள் ஆகலாம். நேற்று எடுத்த ரிப்போர்ட் போன வாரத்துக்குச் சாட்சி சொல்லாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆணுறை கட்டாயம். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி.

அடுத்த உடைப்பு முடிந்த பிறகு. உச்சம் தாண்டியதும் ஆசை வடிந்துவிடும், பொறாமை அப்படியே நிற்கும். அரை மணி முன்னால் கெஞ்சியவன் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அந்த நேரத்தில் "அவன் என்னைவிட..." என்று ஒரு கேள்வி கேட்டால் பத்து வருஷத்துக்கு ஆறாது. இரண்டு நாள் தீர்ப்புப் பேச்சே வேண்டாம். பக்கத்தில் இருங்கள், சாப்பிட வையுங்கள். வெள்ளத்தை வடிக்கக் கொள்ளிடம் இருப்பதால்தான் காவிரிக் கரை நிற்கிறது.

வழக்கறிஞர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. குற்றம் போனாலும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 13-இல் பிறர் உறவு விவாகரத்துக்குக் காரணம்தான். ஆனால் 23-ஐயும் படியுங்கள். உடந்தையாக இருந்துவிட்டு அதையே காரணம் காட்டி வழக்குப் போட முடியாது. மிரட்டிச் செய்ய வைத்தால் கதை வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் உண்டு, 181-க்கு அழைக்கலாம்.

எதிரணித் தலைவர் கடைசியாக, "நம்ம ஊர்ப் பெண் மனசாரச் சம்மதிச்சாளான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, நகை அவள் பீரோவில் இருக்கிறதா, 'மாட்டேன்' என்று சொன்ன மறுநாள் காலை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறக் கையில் காசு இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அந்த வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று நானே உங்கள் அணியில் வந்து உட்கார்ந்து சொல்வேன். இருக்கிற வீட்டைப் பற்றி உங்கள் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, நன்றி.