தொட்டிலில் கேட்டதும் நாற்காலியில் எடுத்த முடிவும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துணைவேந்தர் அவர்களே, நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லி என் பாரத்தைக் குறைத்த பேராசிரியப் பெருமக்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.’ ஏறிய மேடையெல்லாம் இதையே சொல்வதாக நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சரி, இன்றும் சொல்கிறேன். சமய வளர்ப்பு தலைவர்களின் முடிவுகளில் எப்படித் தலைகாட்டுகிறது? அம்மாவின் விரதம், வழிபாட்டுக் கூடம், மறைநூல் என்று மூன்றாகப் பார்ப்போம்.

காந்தியின் தாய் புத்லிபாய், மழைக்கால நான்கு மாத விரதமான சாதுர்மாசத்தில் சூரியனைக் காணாமல் உண்ண மாட்டார். அந்தப் பிள்ளைதான் 1922-ல் சௌரி சௌராவில் காவலர்கள் கொல்லப்பட்டதும் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தி, ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

அடுத்து அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர். பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், தேவாலய ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் நடத்தியவர். 1978 செப்டம்பரில் பகை நாடுகளான எகிப்தின் அதிபர் சாதாத்தையும் இஸ்ரேலின் பிரதமர் பெகினையும் சமாதானம் பேச, அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிடுக்கு அழைத்தார். ஒரு முஸ்லிம், ஒரு யூதர், ஒரு கிறிஸ்தவர். மூவரும் சேர்ந்து, உலக மக்கள் இந்தப் பேச்சு வெற்றி பெறப் பிரார்த்திக்க வேண்டும் என்று அறிக்கை விட்டுத்தான் ஆரம்பித்தார்கள். பிரார்த்தனை முடிந்ததும் சண்டை! பதின்மூன்றாம் நாள், ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் பெகின் கிளம்பவே தயாராகிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்காக அவர் கேட்டிருந்த புகைப்படங்கள் கார்ட்டரிடம் இருந்தன. வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒரு பேரப்பிள்ளையின் பெயரை எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனார். பெகின் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். கண் கலங்கியது. கடுமையான பிரதமர் போய், தாத்தா உட்கார்ந்திருந்தார். அன்றே உடன்பாடு கையெழுத்தானது. மறுவருடம் சமாதான ஒப்பந்தம். தொட்டில் பழக்கம் என்றேனே!

இன்னொரு அமெரிக்க அதிபர் நிக்சனும், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவு வீட்டுப் பிள்ளைதானே, கம்போடியாவில் குண்டு போடவில்லையா என்று முன்வரிசை ஐயா கேட்கிறார். நியாயம். என் பழமொழிக்கு அடங்காத ஆள் அவர். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும்.

மறைநூலுக்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிலில் நாம் ஒரு மதத்தைத்தான் பாடுகிறோம். வளர்ந்து நாற்காலியில் உட்காரும் பிள்ளையோ எல்லா மதத்தாருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது. அதனால்தான் பள்ளிகளில் எல்லாச் சமயங்களையும், சமயமின்மையையும் அறிமுகப்படுத்த வாரம் ஒரு பாடவேளை கேட்கிறோம். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. துணைவேந்தர் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது, ஐயா.