பொது நாணயம், தனிக் கல்லா

நேயர்களுக்கு வணக்கம்.

மின்ட் பஸ் நிலையத்துப் பக்கம் அரசு அச்சகம் இருக்கிறதே, அந்த வளாகத்தில்தான் கம்பெனிக் காலத்தில் நாணயம் அடித்தார்கள். அதற்கும் முன்னால் சென்னப்பட்டணத்துக் கடைக்காரர்கள் ரூபாயில் கணக்கு எழுதவில்லை. வராகன், பணம், காசு என்றுதான் எழுதினார்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-ல் இந்த மாகாணத்தில் வராகனை ஒதுக்கிவிட்டு வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தார்கள். 1835-ல் கம்பெனியின் கையில் இருந்த பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் என்று சட்டம் வந்தது. வங்காளத்துக்காரரும் நாமும் ஒரே நாணயம் வைத்துக்கொள்ளலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் கேட்டார்கள். பல ஆண்டுகள் பேசி, 1992-ல் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊரில் ஒப்பந்தம் போட்டு, 1999-ல் 11 நாடுகளோடு யூரோ என்ற பொது நாணயத்தைத் தொடங்கினார்கள். கிரீஸ் 2001-ல் சேர்ந்தது. 2002 ஜனவரியில் நோட்டும் சில்லறையும் மக்கள் கைக்கு வந்தன. டென்மார்க் 2000-லும் சுவீடன் 2003-லும் வாக்கெடுப்பு நடத்தி, எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. அவ்வளவு யோசித்துச் செய்த காரியத்தில் ஏன் அவ்வளவு சண்டை வந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. ராயபுரத்துக்காரன். பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில், அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் விலை மாறுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன். கிரீஸ் போவதற்கு முன்னால் அந்தக் கவுண்ட்டருக்கு ஒருமுறை போய்விட்டு வரலாம்.

1991 ஜூலை. நாட்டிடம் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தேறும் என்ற நிலை. ரிசர்வ் வங்கியின் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்த நேரம். ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தோம். 3-ம் தேதி மறுபடியும் குறைத்தார்கள். டாலர் சுமார் 21 ரூபாயில் இருந்தது, அந்த வாரத்திலேயே 26-ஐத் தொட்டுவிட்டது.

எங்கள் கிளையில் பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு இருந்தது. பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்கிறவர். அந்த சமயத்தில் அவருடைய பில் ஒன்று எங்களிடம் நின்றுபோயிருந்தது. காரணம் என்ன தெரியுமா? வாங்குகிற கம்பெனியின் பெயர் எல்.சி.யில், அதாவது வாங்குபவரின் வங்கி கொடுக்கிற பண உறுதிக் கடிதத்தில், ஒரு மாதிரி, இன்வாய்ஸில் ஒரு மாதிரி. ஒரே ஒரு எழுத்து. இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு எழுத்துக்கு எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று. மனிதர் கொதித்துப்போய்விட்டார். ‘ஒரு எழுத்துக்காக என் பணத்தை முடக்கி வெச்சிருக்கீங்களே, நீங்களெல்லாம் நல்லா இருப்பீங்களா’ என்று மேனேஜர் அறை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம். திருத்திய தாள் வருவதற்குள் ஜூலை 3 கடந்துவிட்டது. பத்தாயிரம் டாலர் பில் என்றால் கையில் வரும் ரூபாயில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் கூடுதல். அந்தக் காலத்து ஐம்பதாயிரம். மறுநாள் வந்தார், கையில் ஸ்வீட் பாக்கெட். திட்டிய அதே மேசையில் வைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை, ஆளுக்கு ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டோம்.

அதே நாள், அதே கவுண்ட்டரில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். இவரும் தோல் தொழிலைச் சேர்ந்தவர்தான், ஆனால் தோல் பதனிடும் ரசாயனத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர். அவர் டாலரில் கட்ட வேண்டிய பணம் ஒரே வாரத்தில் அவ்வளவு ஏறியிருந்தது. ஸ்வீட்டை நீட்டினோம், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாடு நொடிந்துபோகும்போது அதன் கையில் இருக்கிற கடைசிச் சாதனம் இதுதான், தன் பணத்தின் விலையைத் தானே குறைத்துக்கொள்வது. குறைத்தால் நம் சரக்கு வெளியாருக்கு மலிவு, வெளிச் சரக்கு நமக்குக் கிராக்கி. வலி இல்லாமல் இல்லை. பெட்ரோல் ஏறும், மருந்து ஏறும். ஆனால் வலி ஊர் முழுக்கப் பரவுகிறது. யாருடைய சம்பளச் சீட்டிலும் கைவைத்துக் குறைக்க வேண்டியதில்லை.

இப்போது கிரீஸுக்கு வாருங்கள். அவர்களுடைய பழைய நாணயம் திராக்மா. யூரோவில் சேரும்போது 340.75 திராக்மாவுக்கு ஒரு யூரோ என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு விலை குறைக்க அவர்களிடம் சொந்தப் பணமே கிடையாது. பணம் பொது. ஆனால் கல்லா தனி. வரி வசூல், ஓய்வூதியம், கடன், இதெல்லாம் அந்தந்த நாட்டுத் தலையில். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்: பணம் பொது, கல்லா தனி.

பொதுப் பணம் வந்ததும் ஏழை வீட்டுக்கு முதலில் கிடைத்தது மலிவான கடன். 1990-களின் தொடக்கத்தில் கிரீஸ் அரசு இருபது சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. யூரோ வந்த சில ஆண்டுகளில் ஜெர்மனி கொடுக்கிற வட்டிக்கு ஒட்டி உரசுகிற வட்டியில் அதே அரசுக்குக் கடன் கிடைத்தது. வாங்கினார்கள். அரசு வாங்கியது, மக்களும் வாங்கினார்கள். கொடுத்தவர்கள் யார்? பிரெஞ்சு வங்கிகள், ஜெர்மன் வங்கிகள். அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள்? ஜெர்மன் கார், ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கூட.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளைப் பாருங்கள். பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சின்னக் கடைக்காரர்கள் வருவார்கள். மொத்த வியாபாரி கடனுக்குத்தான் புடவைக் கட்டு போடுவார். ‘எடுத்துக்கிட்டுப் போங்க, தீபாவளி முடிஞ்சு குடுங்க’ என்று அவரே இன்னும் இரண்டு கட்டு சேர்த்து ஏற்றிவிடுவார். அந்த வருடம் அவருக்குப் பிரமாதமான வியாபாரம். வாங்கியவர் பணம் கட்ட முடியாமல் போன அன்றைக்குத்தான் ‘அந்த ஆளு சோம்பேறி, கணக்கு வழக்குத் தெரியாதவன்’ என்ற பேச்சு கிளம்பும். சோம்பேறியாகவே இருக்கட்டும். கூடுதலாக இரண்டு கட்டு ஏற்றியது யார்?

கிரீஸ் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது யூரோ விதி. 2009 அக்டோபரில் புதிதாக வந்த அரசு கணக்கைத் திறந்து பார்த்து, பற்றாக்குறை 12 சதவீதத்துக்கு மேல் என்றது. பின்னால் சரிபார்த்தபோது அது 15-ஐத் தாண்டியது. கணக்கை மறைத்தது கிரீஸ்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதே 3 சதவீத விதியை 2003-ல் ஜெர்மனியும் பிரான்ஸும் மீறின. அப்போது நிதியமைச்சர்கள் கூடி, தண்டனை நடவடிக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் மீறினால் ஒத்திவைப்பு. இது எனக்கு என்றைக்கும் உறுத்துகிற விஷயம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

2010 மே மாதம் கிரீஸுக்கு 11,000 கோடி யூரோ கடன் உதவி. அப்புறம் அயர்லாந்து, போர்ச்சுகல். கிரீஸுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே போனது. பதிலுக்குச் செலவைக் குறை, ஓய்வூதியத்தைக் குறை என்று நிபந்தனை. இங்கேதான் 1991-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தின் விலையைக் குறைக்க வழி இல்லை என்றால் மனிதர்களின் கூலியைத்தான் குறைக்க வேண்டும். 2012-ல் கிரீஸின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாகச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். ரூபாய் மதிப்பு குறைந்தபோதும் நம் வருமானத்தின் வாங்கும் சக்தி குறைந்ததுதான், ஆனால் அது மளிகைக் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. இது சம்பளச் சீட்டிலேயே பளிச்சென்று தெரிகிறது. 2013-ல் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 27 பேர். இளைஞர்களில் பாதிக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு கரைந்துபோனது.

2015 கோடையில் வங்கிகளையே மூடிவிட்டார்கள். ஏ.டி.எம்.மில் நாளைக்கு 60 யூரோதான். 20 யூரோ நோட்டு தீர்ந்துபோன இடங்களில் ஒரு 50 யூரோ நோட்டோடு திரும்ப வேண்டியிருந்தது. கார்டே இல்லாத ஓய்வூதியக்காரர்கள் வங்கி வாசலில் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். இதை நான் விளக்க வேண்டுமா? 2016 நவம்பரில் ஏ.டி.எம். வரிசையில் நாளைக்கு 2,000 ரூபாய்க்காக நின்றவர்கள்தானே நாம் எல்லோரும்? ஜூலை 5-ம் தேதி அங்கே வாக்கெடுப்பு. நிபந்தனைகளுக்கு வேண்டாம் என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். அடுத்த வாரமே அதைவிடக் கடுமையான நிபந்தனைகளில் அரசு கையெழுத்துப் போட்டது. கல்லா தனி, ஆனால் கல்லாவின் சாவி வேறொருவர் கையில்.

ஜெர்மன்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1923-ல் கட்டுக் கட்டாக நோட்டுக் கொடுத்தும் ரொட்டி கிடைக்காத நினைவு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தங்கள் பழைய நாணயமான மார்க்கை விட்டுக்கொடுத்தபோது, யாருடைய கடனையும் யாரும் ஏற்க வேண்டாம் என்ற உறுதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வாய்திறந்து சொல்லாத ஒன்று இருக்கிறது. ஏழை நாடுகளும் சேர்ந்திருப்பதால்தான் யூரோ அந்த அளவுக்கு மலிவாக இருக்கிறது. தனி மார்க்காக இருந்திருந்தால் அதன் விலை எங்கேயோ ஏறி, ஜெர்மன் கார் உலகச் சந்தையில் இவ்வளவு சுலபமாக விற்றிருக்காது.

பணக்காரர் ஏழைக்குக் கொடுப்பது என்பதுகூட அவ்வளவு நேர்க்கோடு கிடையாது. சுலோவாக்கியாவைப் பாருங்கள். 2009-ல்தான் யூரோவில் சேர்ந்தது. கிரேக்கரைவிட அங்கே சம்பளமும் குறைவு, ஓய்வூதியமும் குறைவு. எங்களைவிட வசதியானவர்களுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று 2010-ல் மறுத்துவிட்டார்கள். 2011-ல் மீட்பு நிதியை விரிவாக்கும் வாக்கெடுப்பில் அந்த நாட்டு அரசே கவிழ்ந்தது.

சரி, நம் ரூபாய்? பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள வருமான இடைவெளி ஜெர்மனிக்கும் கிரீஸுக்கும் உள்ளதைவிடக் குறைவு இல்லை. ஒரே நாணயத்தில்தான் இருக்கிறோம். இது ஏன் உடையவில்லை? ஒரு காரணத்தைச் சென்ட்ரலில் நின்றாலே பார்க்கலாம். கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிற பையன் மணலியிலோ எண்ணூரிலோ வேலைக்குச் சேர்ந்து அடுத்த மாதமே ஊருக்குப் பணம் அனுப்புகிறான். இன்னொரு காரணம், நமக்குப் பொதுக் கல்லா ஒன்று இருக்கிறது. மத்திய வரிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு பங்கு பிரிக்கிறது. 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கான பங்கில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079 என்று பிரித்தது. 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 6 சதவீதம்.

எனக்கும் அந்த 4.079-ஐப் பார்த்தால் எரிச்சல் வரும், மறைக்கவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இதுவா பரிசு என்று டீக்கடையில் நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அதே டீக்கடையில் கிரீஸ் செய்தியைப் பார்த்து, ஜெர்மனி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்றும் பேசியிருக்கிறேன். நம் சோப்பும் ஸ்கூட்டரும் வண்ணாரப்பேட்டைப் புடவையும் பாட்னாவில் விற்கும்போது இடையில் நாணய மாற்றும் இல்லை, சுங்கமும் இல்லை. அந்தச் சந்தையின் லாபம் எந்த நிதிக்குழு அட்டவணையிலும் வராது. பங்கைக் கூட்டிக் கேட்க வேண்டியதுதான், நானும் கேட்பேன். கேட்கும்போது இந்த வரவையும் சேர்த்து எழுதிக்கொண்டு கேட்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றித் தனியாகவே பேச வைத்திருந்தேன், தோல் வியாபாரி நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார். சுருக்கமாக: மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பழைய பிரெஞ்சுக் காலனி நாடுகள் பலவற்றுக்கும் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் என்ற பொது நாணயம். மதிப்புக்குப் பிரான்ஸ் உத்தரவாதம். 1994 ஜனவரியில் ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என்றிருந்ததை 100 ஆக்கினார்கள். பருத்தி, கோக்கோ விற்கிறவருக்கு ஸ்வீட் பாக்கெட். அரிசியும் மருந்தும் வெளியிலிருந்து வாங்குகிற செனகல் தலைநகர் டக்கார்க்காரருக்கு அந்த ரசாயன வியாபாரியின் நிலைமை.

ஐரோப்பாவில் ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. 2020-ல் கொரோனா சமயத்தில் 75,000 கோடி யூரோ சேர்ந்து கடன் வாங்க ஒப்புக்கொண்டார்கள். அதில் 39,000 கோடி திருப்பிக் கேட்காத மானியம். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும்தான் பெரிய பங்கு. கடனை எல்லோரும் சேர்ந்து 2058 வரைக்கும் அடைக்க வேண்டும். அது பொதுக் கல்லாவுக்குத் தொடக்கமா, ஒரு தடவைக்கு மட்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் தீராத வழக்கு இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.