நாகமான் கேட்ட இரண்டு பொதி மண்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பள்ளியில் நாகமான் கதை, அவன் யோர்தானில் ஏழு தரம் முழுகி எழுந்ததும் முடிந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியப் படைத்தலைவன், இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலிசாவிடம் முதலில் கேட்பது, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கிற அளவுக்கு மண். இனிமேல் கர்த்தருக்கு மட்டும்தான் பலி செலுத்துவானாம். அடுத்துக் கேட்பதுதான் சங்கடமானது. அவனுடைய ராஜா, சீரியரின் தெய்வமான ரிம்மோனின் கோவிலுக்குப் போகும்போது இவன் கைமேல் சாய்ந்துகொண்டு போவார். அவர் பணியும்போது இவனும் பணிந்தாக வேண்டும். அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிடுகிறார்.

மண் எதற்கு? பலிபீடம் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. ஆனால் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் எனக்குச் சந்தேகம் மிஞ்சவில்லை. மண்ணினாலே எனக்குப் பலிபீடம் உண்டாக்கு, கல்லானால் உளி படக்கூடாது, என் நாமத்தைப் பிரஸ்தாபப்படுத்தும் எந்த ஸ்தானத்திலும் வந்து ஆசீர்வதிப்பேன் என்கிறார் கடவுள்.

எந்த ஸ்தானத்திலும்! உபாகமம் 12க்கு வந்தால் சுருதியே மாறிவிடுகிறது. அந்நியருடைய பலிபீடங்களை இடித்துப்போடு. கண்ட இடத்திலெல்லாம் பலியிடாதே. கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்துக்குக் கொண்டுவா. முந்தையது வனாந்தரத்துக்கு, பிந்தையது தேசத்தில் குடியேறிய பிறகு என்று சமாதானம் சொல்வதுண்டு. சரி, எருசலேமில் ஆலயம் கட்டி எத்தனையோ காலம் கழித்து, தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் இடிந்து கிடந்த பலிபீடத்தைச் செப்பனிட்டு, பன்னிரண்டு கல்லால் கட்டிப் பலியிட்டாரே, அது எந்தக் கணக்கில் வரும்? அக்கினி வேறு இறங்கியது!

நாகமானின் மண் சீரியாவின் தலைநகரான தமஸ்குவுக்குப் போனது. பிற்பாடு, அதே தமஸ்குவிலிருந்து ஒரு பலிபீடத்தின் மாதிரி எருசலேமுக்கு வந்தது. அங்கே அசீரிய ராஜாவைப் பார்க்கப் போன யூதாவின் ராஜா ஆகாஸ் அதைக் கண்டு, அளவும் சாயலும் எழுதி அனுப்ப, அவன் திரும்பி வருவதற்குள் ஆசாரியன் உரியா கட்டி முடித்துவிட்டான். எந்தக் கடவுளுக்கு அதில் பலி என்று இராஜாக்கள் புத்தகம் சொல்லவில்லை. நாளாகமமோ, ஆகாஸ் தமஸ்குவின் தெய்வங்களுக்கே பலியிட்டான் என்று பட்டென்று போட்டு உடைக்கிறது.

பலியிட ஒரே இடமா, எந்த இடமுமா என்ற இந்த இழுபறிக்கு வேதத்துக்கு வெளியேயும் ஒரு சாட்சி உண்டு. எகிப்தில், நைல் நதியின் எலிபன்டைன் தீவில் யூதப் போர்வீரர்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கோவில், அதில் பலிபீடம். கி.மு. 410ல் அது இடிக்கப்பட்டது. எருசலேம் பிரதான ஆசாரியருக்கு எழுதினார்கள், பதிலே வரவில்லை. கி.மு. 407ல் யூதேயாவின் ஆளுநருக்கு மனுப் போட்டார்கள்: கோவிலைத் திரும்பக் கட்டவேண்டும், போஜனபலியும் (மாவுக் காணிக்கை) தூபமும் தகனபலியும் (மிருகத்தை முழுவதும் எரிக்கும் பலி) செலுத்தவேண்டும். வந்த பதிலின் குறிப்பு பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. கட்டிக்கொள்ளலாம், போஜனபலி செலுத்தலாம், தூபம் காட்டலாம். தகனபலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வணக்கம்.