சுதந்திரத்துக்குக் கையெழுத்து போட்டவங்க படிச்ச ஸ்கூல், ஹெட்மாஸ்டர் மட்டும் ராஜா கட்சி!

வணக்கம் மக்களே! 1776-ல அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்டது மொத்தம் 56 பேர். அதுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின், சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹேன்காக், ராபர்ட் ட்ரீட் பெய்ன், வில்லியம் ஹூப்பர்னு அஞ்சு பேர் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க. ஆனா அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கடைசி வரைக்கும் பிரிட்டிஷ் ராஜா பக்கம்தான் நின்னாரு!

ஸ்கூல் பேரு பாஸ்டன் லத்தீன் ஸ்கூல். 1635-ல ஊர்க்காரங்க கூடி முடிவெடுத்து ஆரம்பிச்சது, அமெரிக்காவுலயே ரொம்பப் பழைய அரசுப் பள்ளி, ஹார்வர்டை விட ஒரு வருஷம் மூத்தது. பேக்ரவுண்ட் அவ்ளோதான், மேட்டருக்கு வாங்க.

ஜான் லவல். 1734-ல ஹெட்மாஸ்டர் ஆனவரு, நாப்பது வருஷம் அந்தப் பதவியில இருந்தாரு. ஹேன்காக், பெய்ன், ஹூப்பர் மூணு பேரும் இவர்கிட்ட படிச்ச பசங்க. இவரோட சொந்த மகன் ஜேம்ஸ் லவல் அதே ஸ்கூல்ல அப்பாவுக்குக் கீழ வாத்தியார். 1770-ல பாஸ்டன் தெருவுல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க சுட்டு அஞ்சு பேர் செத்தாங்கல்ல, அதோட முதல் வருஷ நினைவுக் கூட்டத்துல மேடை ஏறிப் பேசினதே இந்த மகன்தான். யோசிச்சுப் பாருங்க, அப்பா ராஜா விசுவாசி, மகன் புரட்சிக்காரன், ரெண்டு பேரும் தினமும் ஒரே ஸ்கூல்ல பாடம் எடுக்கிறாங்க!

1775 ஏப்ரல் 19, போர் ஆரம்பிச்சிடுச்சு. புத்தகத்தை மூடி வைங்கடான்னு லத்தீன்லயே சொல்லி லவல் ஸ்கூலைக் கலைச்சிட்டாருன்னு சொல்லுவாங்க. கொஞ்ச நாள்ல மகனை பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. 1776 மார்ச்ல பிரிட்டிஷ் படை பாஸ்டனைக் காலி பண்ணிட்டு கப்பல்ல கனடாவுல இருக்கிற ஹாலிஃபாக்ஸுக்குக் கிளம்புது, அப்பா விசுவாசியா அவங்க கூடவே போறாரு, மகனைக் கைதியா இழுத்துட்டுப் போறாங்க, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தது ஒரே ஊருக்கு!! இதைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சுடுச்சு. அப்பா 1778-ல அங்கேயே இறந்துட்டாரு. மகன் கைதி பரிமாற்றத்துல விடுதலையாகி நேரா புது நாட்டோட காங்கிரஸ்ல, அதாவது நாடாளுமன்றம் மாதிரி சபையில, உறுப்பினர் ஆயிட்டாரு.

என்னைக் கேட்டா லவல் தோத்துப்போன வாத்தியார் கிடையாது. அவரோட கட்சி பசங்க தலையில ஏறலை, ஆனா படிச்சு, யோசிச்சு, எழுந்து நின்னு பேசுற தைரியம் வந்துச்சு. அந்த அடையாளம் இன்னும் போகல, இப்பவும் அங்க படிக்கிற பிள்ளைங்க ஒரு பகுதியை மனப்பாடம் பண்ணி கிளாஸ் முன்னாடி நின்னு பேசியே ஆகணும், லத்தீனும் கட்டாயம்.

ஃபிராங்க்ளின் கதை தனி. சோப்பு, மெழுகுவர்த்தி செய்யுற வீட்டுப் பையன், 17 பிள்ளைங்க இருந்த குடும்பம். எட்டு வயசுல சேர்ந்தாரு, நல்லாத்தான் படிச்சாரு, ஆனா பின்னாடி காலேஜ் செலவு தாங்காதுன்னு ஒரு வருஷம் கூட முடியறதுக்குள்ள அப்பா நிறுத்திட்டாரு. பழைய ஸ்கூல் இருந்த தெருவுல இன்னைக்குச் சிலை இருக்கிறது அவருக்குத்தான்.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். இவ்ளோ பெருமை பேசுற ஸ்கூல்ல பொண்ணுங்களைச் சேர்த்தது எப்போ தெரியுமா? 1972! ஆரம்பிச்சு 337 வருஷம் கழிச்சு. பொண்ணுங்களுக்குன்னு 19-ஆம் நூற்றாண்டுலயே தனி லத்தீன் ஸ்கூல் இருந்துச்சுதான், ஆனா ஊர் வரிப்பணத்துல நடக்குற ஸ்கூல் கதவை இவ்ளோ நாள் பாதிப் பேருக்குச் சாத்தி வச்சதை என்னால ஏத்துக்க முடியல. நீங்க என்ன நினைக்கிறீங்க, கமெண்ட்ல சொல்லுங்க. பாஸ்டன் இங்கிலிஷ் ஹைஸ்கூல் கூட 1887-லேருந்து நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு இவங்க ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பத்தித் தனி வீடியோ வேணும்னா அதையும் எழுதுங்க, கண்டிப்பா போடுறேன்.