கிளிமீனை விட்டுவிடுவதே சரி: பினாங்கு பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாப்பிடாமல் வந்திருக்கும் சபையோரே, வணக்கம். தூண்டிலில் மாட்டிய கிளிமீனை வைத்துக்கொள்வதா, விடுவதா? விட்டுவிடுங்கள் என்கிறது எங்கள் அணி.

பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டுக்காரர் கிழக்குக் கரைக்குப் போய், படகு வாடகைக்கு எடுத்து, ஒரே ஒரு கிளிமீன் பிடித்து வந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்தால் நீலம், பச்சை, நடுவில் கொஞ்சம் ரோஸ். அக்கா கேட்டாள்: "இதுக்கு யாருங்க சாயம் பூசினது?" இவர் சத்தியம் செய்கிறார். அவள் நம்பவில்லை. கழுவினாள். சாயம் போகவில்லை. உப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா எட்டிப் பார்த்து, "இக்கான் பாயான்!" என்று கிளிமீனின் மலாய்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் சட்டியை எடுத்தாள். புளியும் மிளகாயும் போட்டுக் கொதித்ததும் நீலமாவது பச்சையாவது! வாயில் வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: "இதுக்கு பாசார்ல கெம்போங் மீன் வாங்கியிருக்கலாம். டோல் காசாவது மிச்சம்."

எனக்கு முன் பேசிய நண்பர், "பிடித்துவிட்டு விடுவது, தாலி கட்டிவிட்டு 'சும்மா பார்த்தேன்' என்பது போல" என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். சரி, மீன் சம்மதித்ததா? வாயில் கொக்கி மாட்டி இழுத்து வந்த கல்யாணத்தை எந்தப் பதிவு அலுவலகம் ஏற்கும்? அப்புறம் இன்னொன்று. கிளிமீனில் பல இனங்கள் பெண்ணாக வாழ்ந்து பிறகு ஆணாக மாறும். பளபளவென்று பெரிதாக இருப்பது பெரும்பாலும் ஆண். ஐயா, நீங்கள் தாலி கட்டியது மாப்பிள்ளைக்கு!

சிரித்தது போதும். பவளத்தை மூடும் பாசியைச் சுரண்டித் தின்பது இந்த மீன்தான். பெலீஸ் நாடு 2009லேயே இதைப் பிடிக்கத் தடை போட்டது. புடைத்த நெற்றியுள்ள பெரிய இனத்தில் ஒரு மீன் ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, மணலாகக் கழிக்கும். ரெடாங் தீவில் உங்கள் பேரன் மணல்வீடு கட்டினானே, அதில் கிளிமீன் பங்கும் உண்டு. கையைக் கழுவச் சொன்னீர்களா?

அம்மா போன பிறகு அப்பா பத்து மாவுங் படகுத்துறையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். எந்த மீன் கிடைத்தாலும் கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார். "ஏம்ப்பா?" என்றால், "வீட்ல யாரு சமைக்கிறது?" என்பார். சமைக்க நாங்கள் நான்கு பேர் இருந்தோம், நடுவர் அவர்களே. அம்மா ஆக்கிய மீன் குழம்புக்குப் பிறகு அவர் வேறு மீன் குழம்பு கேட்டதே இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள். எங்கள் அணிக்காக வேண்டாம், அப்பாவுக்காகத் தீர்ப்புச் சொல்லுங்கள்.