ஜாய்ஸ் மொரேனோ: பாட்டெழுதிய கைதான் கிட்டாரும் வாசித்தது

நேயர்களுக்கு வணக்கம்.

பிரேசிலில் சம்பா தாளத்திலிருந்து பிறந்த மென்மையான இசை வகை போசா நோவா. அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரியோவின் இபனேமா கடற்கரையில் நடந்துபோகும் அந்தப் பெண்ணைப் பற்றிய பாட்டுதான். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோவின் குரல். ஆனால் மெட்டு டாம் ஜோபிமுடையது, வரிகள் வினிசியஸ் டி மொராயிஸ் எழுதியவை. ஆண்கள் பார்க்கிறார்கள், பெண் கடந்துபோகிறாள். போசா நோவாவின் தொடக்க காலம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. நாரா லியாவும் சில்வியா டெலெஸும் பாடினார்கள். எழுதும் வேலை ஆண்கள் கையில் இருந்தது. டொலோரஸ் டுரான், மாயிசா என்று விதிவிலக்குகள் உண்டு. டொலோரஸ் 1959-ல், 29 வயதிலேயே இறந்துபோனார். அவர் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் இந்த வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த இடைவெளியில் வந்தவர், தானே பாட்டெழுதி, பாடி, கிட்டாரும் வாசிக்கும் ஜாய்ஸ். 1948 ஜனவரி 31-ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்து, அதே நகரின் கோபகபானா பகுதியில் வளர்ந்தவர். அண்ணன் கிட்டார் வாசிப்பவர். அண்ணனுடைய நண்பர்களில் ஒருவர் போசா நோவாவின் முக்கிய இசையமைப்பாளர் ரொபெர்ட்டோ மெனெஸ்கால். பதின்ம வயதிலேயே மெனெஸ்கால் அழைப்பில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார் ஜாய்ஸ். கல்லூரியில் படித்தது இதழியல்.

1967-ல் ரியோவில் நடந்த சர்வதேசப் பாடல் விழாவில் அவருடைய பாட்டு போட்டிக்கு வந்தது. அப்போது வயது 19. தன் ஆணுக்குத் தன்மேல் காதல் இல்லை என்று ஊர் சொல்கிறது என்று ஒரு பெண் தன் வாயால் பாடத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் விஷயம். அதைக் கொச்சை என்று எழுதினார்கள். இந்த வயதுப் பெண் இப்படியா பேசுவது என்று கேட்டார்கள். பெண் பாடுவதில் யாருக்கும் மறுப்பில்லை. அவளே எழுதி, ‘நான்’ என்று தொடங்கியதுதான் சிக்கல். அடுத்த ஆண்டு முதல் இசைத்தட்டு வந்தபோது அதன் உறைக் குறிப்பை எழுதியவர் வினிசியஸ். இபனேமா பெண்ணைப் பாட்டில் வைத்த அதே மனிதர், எழுத வந்த பெண்ணுக்குத் துணையாக நின்றார்.

ஜாய்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சர்ச்சையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அவருடைய வலது கையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அவர் எழுத்தும் வாசிப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

போசா நோவா கிட்டாரின் அடிப்படை, பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜொவாவ் ஜில்பெர்ட்டோ அமைத்துக் கொடுத்தது. நைலான் கம்பி போட்ட கிட்டார். கட்டைவிரல் கீழ்ச்சுருதிக் கம்பிகளில் ஒரே சீராக நடக்கும். அது சம்பாவின் பெரிய மத்தளமான சுர்டோவின் வேலை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, இழுக்கும். அது தம்போரிம் என்ற சிறு பறையின் வேலை. வகுப்புகளில் முதலில் சொல்லித்தரும் வடிவம் 16 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று. கட்டைவிரல் 1, 5, 9, 13-ல் விழும். மற்ற மூன்று விரல்கள் 1, 4, 7, 11, 14-ல் விழும். அதாவது 3, 3, 4, 3, 3 என்ற இடைவெளி.

கற்கிறவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டைவிரல் தன் நடையை விட்டு மற்ற விரல்களோடு சேர்ந்து துள்ளத் தொடங்கும். அந்த நொடியில் சம்பா செத்துவிடும். நடுவில் வரும் அந்த 4 எண்ணிக்கைக்குப் பொறுமை இல்லாமல் 3-லேயே அடித்துவிடுவார்கள். சுற்று குறைந்து வேகம் ஏறிக்கொண்டே போகும். கார்டை இழுத்தபின் விரல்களைக் கம்பிமேல் திரும்ப வைத்து ஒலியை அடக்காவிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். தீர்வு எளிது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு எண்ணிக்கை என்று கொண்டு, கட்டைவிரலை மட்டும் இரண்டு நிமிடம் நடக்க விடுங்கள். அது தானாக ஓடும் நிலை வந்த பிறகே மற்ற விரல்களைச் சேர்க்க வேண்டும். பாட்டைக் கடைசியில் சேருங்கள். குரல் 3, 3, 4-ஐப் பின்பற்றக் கூடாது. பேசுகிற போக்கில் அதன்மேல் மிதந்து போக வேண்டும்.

ஜாய்ஸ் இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டினார். அவர் விரல்களில் மென்மையைவிட உந்துதல் அதிகம். சொற்களே இல்லாமல் குரலையும் ஒரு வாத்தியமாக்கிக் கிட்டாரோடு ஓட விடுவார். 1999-ல் வந்த ஒரு தொகுப்புக்கு ‘ஹார்ட் போசா’ என்றே பெயர் வைத்தார், சரியான பெயர். கணவர் டுட்டி மொரேனோ டிரம்ஸ் வாசிப்பவர். தாளத்தைத் தாங்கும் பொறுப்பைக் கிட்டாரிடம் விட்டுவிட்டு, அவர் சிம்பலில் வண்ணம் சேர்ப்பார். பாடகியின் பின்னால் குழு வாசிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. குழுவை நடத்துவதே ஜாய்ஸின் கிட்டார்தான்.

எழுபதுகள் எளிதாக இல்லை. பிரேசிலில் ராணுவ ஆட்சி, தணிக்கை. 1975-ல் வினிசியஸ், கிட்டார் கலைஞர் டொக்கினோ ஆகியோரோடு இசைப் பயணம் போனார் ஜாய்ஸ். இத்தாலியில் பதிவுசெய்த இசைத்தட்டில், தணிக்கையில் மாட்டிக்கொண்டிருந்த சக பிரேசில் இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடினார். 1977-ல் நியூயார்க்கில் இசை ஒருங்கமைப்பாளர் கிளாஸ் ஓகர்மனோடு ‘நத்துரேசா’ என்ற தொகுப்பைப் பதிவுசெய்தார். அது முழுமையாக வெளிவந்தது 2022-ல். 45 ஆண்டுகள் இசை ரசிகர்களிடமிருந்து பறிபோயின என்றே இதைச் சொல்வேன்.

அதற்கிடையில் மற்றவர்கள் அவர் பாடல்களைத் தேடி வந்தார்கள். பாடகர் மில்டன் நாசிமென்டோ 1978-ல் ‘மிஸ்டேரியஸ்’ பாடினார். பாடகி எலிஸ் ரெஜினாவின் 1979 தொகுப்புக்குப் பெயர் தந்த ‘எஸ்ஸா முல்யேர்’, ஜாய்ஸும் ஆனா டெர்ராவும் சேர்ந்து எழுதியது.

1980-ல் ஜாய்ஸின் ‘ஃபெமினினா’ தொகுப்பு வந்தது. தலைப்புப் பாட்டில் ஒரு மகள், பெண்தன்மை என்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூந்தலில் இல்லை, பார்வையில் இல்லை என்று அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். கேள்வியும் பதிலும் மாறி மாறி வரும்போது கிட்டார் ஒரு கணமும் நிற்காது. 1967-ல் முகம் சுளித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ‘கிளாரேயானா’ மகள்கள் கிளாராவுக்கும் ஆனாவுக்கும் எழுதிய பாட்டு. அதே தொகுப்பின் ‘அல்டேயா டி ஓகும்’ பத்தாண்டுகளுக்குப் பிறகு லண்டன் நடன அரங்குகளில் திடீரென்று பரவியது. ஜாய்ஸை அறியாத ஒரு தலைமுறை அதற்கு ஆடியது. ஜப்பானில் எண்பதுகளிலிருந்தே அவருக்கு நிலையான ரசிகர் கூட்டம் உண்டு. 2018-ல் தன் முதல் தொகுப்பை ‘50’ என்ற பெயரில் முழுவதும் புதிதாகப் பாடிப் பதிவுசெய்தார்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘ஃபெமினினா’ பாட்டின் 1980 வடிவத்தை முதலில் கேளுங்கள். அடுத்து ‘நத்துரேசா’வில் இருக்கும் 11 நிமிட வடிவம். இரண்டிலும் முதல் தடவை குரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். அதன்பிறகு 1968 பதிவையும் 2018 பதிவையும் பாட்டுக்குப் பாட்டு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.